நான் கோடு போட்ட பதினேழு வரிகள்

ஏப்ரல் 21, செவ்வாய்

காலையிலிருந்து கடையில் விற்றது மூன்றே வளையல். போகட்டும், எனக்குத்தான் இ-ரீடர் இருக்கிறதே! குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் வாங்கி அனுப்பியது. கடைக்கு எதிரே உப்பளத்தில் பட்டு அடிக்கிற வெளிச்சத்தில் போனில் ஓரெழுத்தும் தெரியாது. இதில் பளிச்சென்று தெரிகிறது. உப்பளத்து வேலை முடிந்து வருகிற பாஞ்சாலைக்குத் தினமும் கதை சொல்ல வேண்டும். மறந்துபோகாமலிருக்க முக்கியமான வரிகளுக்கு அதிலேயே கோடு போட்டுவிடுகிறேன். இப்போது ஓடுவது புருஷனுக்கு விஷம் வைக்கிறவள் கதை. "வைக்கட்டும் ஹசீனாக்கா, அவன் பண்ணதுக்கு!" என்கிறாள் பாஞ்சாலை.

மே 2

அவர் போன். "என் மேல எதாச்சும் கோவமா?" இல்லையே என்றேன். "வீட்ல எலி மருந்து இருக்குதா?"

எலியே இல்லை. குவைத் வெயிலில் மண்டை காய்ந்துவிட்டது போலிருக்கிறது.

மே 22, வெள்ளி

பக்ரீத் லீவில் வந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ்! டீ கொடுத்தால், "மொதல்ல நீ ஒரு வாய் குடி" என்கிறார். இத்தனை ஆசையா! வெட்கமாகப் போய்விட்டது.

மே 23

ஆசையாவது மண்ணாவது. பிரியாணியைப் பூனைக்கு வைத்துப் பார்க்கிறார்!

மே 24, ஞாயிறு

உட்கார வைத்துக் கேட்டேன். போனை நீட்டினார். இ-ரீடரை அவர் கணக்கிலேயே திறந்து அனுப்பியிருக்கிறார். இங்கே நான் கோடு போட்டால் அங்கே அவர் போனில் தெரியும். கொலைக் கதையில் மட்டும் பதினேழு வரிகள். 'சூடான டீயில் கலந்தால் கசப்பு தெரியாது.' 'சிரித்துக்கொண்டே கொடுக்க வேண்டும்.'

வயிறு வலிக்கச் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுபோனது. அப்போ இத்தனை நாளா நான் என்ன படிக்கிறேன்னு பாத்துக்கிட்டே இருந்திருக்காரு! குழந்தை இல்லாதவங்களப் பத்தி ஒரு புத்தகம் படிச்சேனே — அழுதுக்கிட்டே கோடு போட்டேனே — அதையுமா?

"என் டைரி பூட்டாமத்தான் கெடக்குது. தொறப்பீங்களா?"

"சீச்சீ, அது உன்னோடது."

"அப்ப அது மட்டும் யாரோடது?"

போனைக் கவிழ்த்து வைத்தார். "தப்புதான் ஹசீனா" என்றார்.

மே 25

கையிலிருந்த கதையை முடித்துவிட்டு, இ-ரீடரை அவர் கணக்கிலிருந்து விலக்கினேன். என் பேரில் புதுக் கணக்கு. பூட்டு எண்ணும் வைத்தாயிற்று.

"நம்பர் என்னா?"

"சொல்ல மாட்டேன்!"

டீயை மட்டும் மடமடவென்று குடித்துவிட்டார்.

ஜூன் 20, சனி

குவைத் திரும்பியதிலிருந்து ஒரே புலம்பல். "இந்தக் கதைல யாரு செத்தா? எனக்கு இப்ப ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதே!" அதனால் பாஞ்சாலைக்குக் கதை சொல்லும்போது அவரும் ஸ்பீக்கரில் இருக்கிறார். "அண்ணே, குறுக்க பேசாதீங்க!" என்று அவளிடம் திட்டு வேறு.

அந்தக் குழந்தை இல்லாதவர்கள் புத்தகத்தை என் கணக்கில் மறுபடி வாங்கியிருந்தேன். பழைய கோடுகள் இல்லை. நேற்று புதிதாக ஒன்று போட்டேன். யாருக்கும் தெரியாது. இன்று பாஞ்சாலை போனபிறகு, போனை வைக்காமல் அந்த வரியை நானே அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"இன்னொரு தடவ படி" என்றார்.

படித்தேன்.