மூன்று மணியிலிருந்து நான்கு வரை

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

காலை எட்டுக்கே மெஷின் தொடங்கிவிட்டது. பக்கத்துத் தச்சுப் பட்டறையில் அழகுமுத்து புதிதாகப் பூட்டியிருக்கும் பலகை சீவுகிற மெஷின். படுக்கையில் கிடக்கும் என் வீட்டுக்காரருக்குக் கஞ்சி கொடுக்கும்போது ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, கேட்கவில்லை. காதை உதட்டருகே கொண்டுபோனேன். திரும்பச் சொன்னார். மெஷின்தான் கேட்டது. கையை உதறிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்து பஸ்களுக்கு நேரம் பார்த்த மனுஷன். ஞானரட்ணம் ஐயா கூப்பிட்டால் எதிர்க்கடையில் தேத்தண்ணி குடிக்கிற டிரைவர் எழும்பி ஓடுவான். தொண்டையில் கட்டி வந்து, கண்டி ஆஸ்பத்திரியில் கதிர்க் கரண்டு வைத்த பிறகு, மிஞ்சியது மூச்சு மாதிரி ஒரு குரல். எழுதிக் காட்டவும் கை நடுங்குகிறது.

பெப்ரவரி 8

காலையில் வலி. பின்னேரம் மருந்து கொடுத்தால் ஐந்து மணிக்கே கண் சொருகிவிடும். மத்தியானத்துக்குப் பிறகு இரண்டு மூன்று மணித்தியாலம்தான் தெளிவாக இருக்கிறார். அந்த நேரத்தில்தான் மெஷினும் உச்சத்தில்.

பெப்ரவரி 11, ஞாயிறு

இன்றும் ஓடுகிறது. நுவரெலியாவில் ஏதோ ஹோட்டலுக்கு ஏப்ரல் சீசனுக்கு முன்னால் கதவு, ஜன்னல் எல்லாம் கொடுக்க வேண்டுமாம்.

மகள் ஏஞ்சலா வத்தளையிலிருந்து போன் எடுத்தாள். ஆண் பிள்ளை. ஆபரேஷன் பண்ணி எடுத்தார்களாம், ஐந்து நாளாகிறது. "அப்பாகிட்ட குடும்மா" என்றாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு! சுதாகரனைக் கட்டுகிறேன் என்று அவள் நின்றபோது, வேதக்காரர் நமக்குச் சைவக் கோயிலுக்குப் போகிற குடும்பத்தில் சம்பந்தம் வேண்டாம் என்று இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. என்னையும் விடவில்லை. நான் மீறிப் போயிருக்கலாம். போகவில்லை.

போனை இவர் வாயருகே பிடித்தேன். பேசினார். நிறையப் பேசினார், கண் கலங்கக் கலங்க. அந்தப் பக்கம் அவள், "மெஷின் சத்தந்தாம்மா கேக்குது. அப்பா பேச மாட்டேங்குறாரா?"

"பேசுறாருடி! பேசிக்கிட்டுத்தான் இருக்காரு!" என்று கத்தினேன்.

"சரிம்மா, விடு" என்று வைத்துவிட்டாள். அவள் நம்பவில்லை. இவருக்கும் அது தெரிந்துவிட்டது.

பெப்ரவரி 13

மெஷின் சத்தத்தைப் பற்றிச் சுற்றாடல் அலுவலகத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டேன். குடியிருப்புக்குப் பக்கத்தில், நோயாளி இருக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் இவ்வளவு சத்தம் போட ஒரு அளவு இருக்கத்தானே வேண்டும்?

அழகுமுத்துவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்திருக்கலாமோ?

பெப்ரவரி 20, செவ்வாய்

சத்தம் அளக்கும் அதிகாரி வந்தார். முக்காலியில் கருவியை நிறுத்தி, அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தொரு டெசிபல்.

எனக்குச் சிங்களத்தில் பொறுமையாக விளங்கப்படுத்தினார். பட்டறை நகரசபை எல்லைக்குள். அங்கே பகலில் அறுபத்து மூன்று வரை போகலாம். இடையில் ஓடுகிற சின்ன ஓடைக்கு இந்தப் பக்கம், என் வீடு, பிரதேச சபை எல்லை. இங்கே அளவு ஐம்பத்தைந்து. "அப்ப அளவுக்குக் கூடத்தானே சேர்?" என்றேன். இல்லையாம். சத்தம் வருகிற காணியின் எல்லையில்தான் அளப்பார்களாம், அந்தக் காணியின் கணக்குத்தானாம். நல்ல மனிதர். போகும்போது இவரை எட்டிப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

பட்டறை வாசலில் எட்டுப் பேரும் மரத்தூளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் தேயிலைத் தோட்டத்து மேல்கணக்குப் பிரிவில், லயத்து வீடுகளில் இருக்கிற ஆட்கள். யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

பெப்ரவரி 21

அழகுமுத்து வந்தான். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றான்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டீச்சர். நோட்டீஸ் பேப்பர் வந்தப்போ பயந்தே போயிட்டேங்க. மூடச் சொல்லிட்டா இந்த எட்டுப் பேரும் எங்க போவாங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. "தப்புத்தான் தம்பி" என்றேன். பிறகு சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். குரலை, ஏஞ்சலாவை, அவள் போனை வைத்ததை. சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

அவன் பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "ஐயா எந்நேரம் தெளிவா இருப்பாரு?" என்று கேட்டான்.

"மூணு மணிக்கு."

"மூணுலருந்து நாலு வரைக்கும் நிப்பாட்டி வைக்கிறேங்க."

சட்டம் அவன் பக்கம். அவன் நிப்பாட்ட வேண்டியதே இல்லை.

பெப்ரவரி 22, வியாழன்

சரியாக மூன்றுக்கு நின்றது. காது அடைத்த மாதிரி இருந்தது. ஓடைத் தண்ணீர் கேட்டது. இவர் என்னைப் பார்த்தார்.

"பவுலின்" என்றார். கேட்டது!

அன்றைக்குக் கஞ்சி கொடுக்கும்போது என்ன சொன்னீங்க என்று கேட்டேன். யோசித்தார். "ஞாபகமில்ல" என்றார்.

பெப்ரவரி 24, சனி

மூன்று மணிக்கு நானே ஏஞ்சலாவுக்கு எடுத்தேன். "ஒண்ணும் பேசாத, கேளு" என்று சொல்லி, போனை ஸ்பீக்கரில் போட்டு இவர் வாயருகே பிடித்தேன்.

"ஏஞ்சலா. சாப்பிட்டியா?"

அந்தப் பக்கம் அழுகிற சத்தம், பிள்ளை சிணுங்குகிற சத்தம்.

"சுதாகரன்கிட்ட குடு" என்றார். மூச்சு வாங்கியது, காத்திருந்து பேசினார். "தம்பி. வீட்டுக்கு வாங்க."

"வர்றோங்க மாமா. கட்டாயம் வர்றோம்."

தையல் ஆறுகிற வரைக்கும் மலைப் பயணம் வேண்டாமாம். டாக்டர் சொன்ன கணக்குக்கு மார்ச் 24 ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். கலண்டரை இவர் கட்டிலுக்கு எதிரே மாட்டச் சொன்னார்.

மார்ச் 4

தினமும் மூன்று மணிக்குப் பேசுகிறார். கொஞ்சம்தான். இன்று: "கல்யாணத்துக்கு ஒன்னையும் போகவிடாம பண்ணிட்டேன். அது பிழ."

நான் "பரவாயில்லங்க" என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்று விடக்கூடியது இல்லையே. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 13

தண்ணீரும் இறங்கவில்லை. மூன்று மணிக்குக் கண்ணைத் திறந்து கலண்டரைப் பார்த்தார், பேசவில்லை.

மார்ச் 19

இன்றும் நின்றது மெஷின். இவரிடம் சத்தமே வரவில்லை. நான்தான் பேசினேன், பேரனைப் பற்றி, தெரிந்ததும் தெரியாததும்.

மார்ச் 21, வியாழன்

காலை பத்தேகாலுக்குப் போய்விட்டார். மூன்று நாள். மூன்றே நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

மார்ச் 25

நேற்று அடக்கம் முடிந்தது. பெட்டியைத் தூக்கியவர்களில் அழகுமுத்துவும் சுதாகரனும். பட்டறை சனி, ஞாயிறு இரண்டு நாளும் பூட்டிக் கிடந்தது.

இன்று திறந்தார்கள். மூன்று மணிக்கு மெஷின் நின்றது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஏஞ்சலா, "ஏம்மா, கரண்ட் போயிருச்சா?" என்றாள். சொன்னேன். அவள் எழும்பி, பிள்ளையோடு ஓடைப் பக்கம் போனாள். நானும் போனேன்.

"இனி ஓட்டுங்கண்ணே" என்றாள். 

அழகுமுத்து பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஐயாவோட முப்பத்தொண்ணாம் நாள் கழியட்டும் தங்கச்சி."

ஏப்ரல் 3

ஏஞ்சலா குடும்பம் வத்தளைக்குப் போனது. கலண்டரைக் கழற்றவில்லை.

ஏப்ரல் 20, சனி

இவருடைய முப்பத்தோராம் நாள். சர்ச்சில் பூசைக்கு அழகுமுத்துவும் எட்டுப் பேரும் வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஏப்ரல் 22, திங்கள்

இன்று மூன்று மணிக்கு மெஷின் நிற்கவில்லை. மூன்று பத்துக்கு ஏஞ்சலா போன் எடுத்தாள். "கேக்குதாம்மா?" என்று கத்தினாள். "கேக்குதுடி!" என்று நானும் கத்தினேன். நாலு மணி வரைக்கும் அப்படியே கத்திக் கத்திப் பேசினோம்.