துண்டு போட்ட இடம்

மார்ச் 4
இன்றும் அவர் குரல் திக்கியது. "அடுப்ப அணை— அணை— அணைச்சி—" எப்போது போட்டாலும் அதோடு சரி. மைக் வாங்கிய அன்று சோதித்துப் பார்க்க அவர் பேசிப் பதிந்தது; அடுப்படியில் இருந்த எனக்கு அன்று சரியாகக் கேட்கவில்லை. இஸ்திரிக் கடை வேலை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டரில் அதைத்தான் போடுவேன். ஆளே போயாச்சு, இதுவும் போய்விடுமோ?

மார்ச் 7
மருமகள் வந்து பார்த்தாள். கம்ப்யூட்டரையே ஓட்டுகிற மென்பொருள் செய்யும் ஆபீசில் அவளுக்கு வேலை. ஸ்டூலில்தான் உட்கார்ந்தாள் பாவம். அவர் நாற்காலியில் அவர் துண்டு கிடக்கிறது, யாரையும் உட்கார விடுவதில்லை நான்.

குரல் கெடவில்லையாம், முழுசாக இருக்கிறதாம். அப்போதுதான் மூச்சு வந்தது.

"மெமரில இடம் பத்தலன்னா, பேசிட்டிருக்கற குரலையே கம்ப்யூட்டர் தூக்கி வெளிய வெச்சிரும் அத்தை, அதான் திக்குது. வெளிய தள்ளாம ஒவ்வொரு புரோகிராமும் தன் இடத்த பூட்டி வெச்சுக்கலாம். ஆனா அப்படிப் பூட்ட நாங்க குடுத்த அளவு கம்மி."

"பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கற மாதிரியா?"

"அதேதான். நாங்க குடுத்தது கைக்குட்டை!"

மார்ச் 8
அளவே வேண்டாமென்று எடுத்துவிட்டுப் பார்த்தாள். போட்டோ காட்டுகிற புரோகிராம் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. மவுஸ்கூட அசையவில்லை.

"ஒருத்தனே பஸ் முழுக்கத் துண்டு போட்டுட்டான் அத்தை."

"அப்ப டிரைவர் எங்கடி உக்காருவான்?"

சிரித்துவிட்டேன். அவர் போனபிறகு இதுதான் முதல் தடவை.

மார்ச் 9
எனக்கு மட்டும் எப்படியாவது சரிசெய் என்றேன்.

"சரியான அளவு தெரியாம கை வெச்சா மறுபடி நின்னுரும். அதுவுமில்லாம, எங்க மாத்தணும்னே தெரியாதவங்க எத்தன பேரு? அவங்களுக்காகத்தானே நாங்களே ஒரு அளவு வெச்சு அனுப்பறோம்? அதுவே சரியா இருக்கணும். ஆபீஸ்ல பேசறேன்."

கோபம்தான் வந்தது. எனக்கு என் புருஷன் குரல் வேணும். ஊருக்கு என்னவானா எனக்கென்ன?

மார்ச் 20
முடிவாகிவிட்டதாம். மொத்த இடத்தில் எட்டில் ஒரு பங்கு வரை பூட்டிக்கொள்ளலாம், அதற்கு மேல் கூடாது. ஒருவர் போதாது என்றாராம், இன்னொருவர் ஆபத்து என்றாராம். "எங்க அத்தைக்கும் உக்கார இடம் வேணும் சார்" என்று இவள் வாயாடியிருக்கிறாள். அன்றைக்கு அவள்மேல் கோபப்பட்டேனே நான்.

மார்ச் 27
மாற்றிய மென்பொருள் இன்னும் வரவில்லை. பொறுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 2
புதியதை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவளும், முகம் தெரியாத அந்த ஆபீஸ்காரர்களும் நல்லா இருக்கணும். போட்டோவும் ஓடுகிறது, குரலும் ஓடுகிறது. திக்கவே இல்லை.

"அடுப்ப அணைச்சிட்டியா? அணைச்சிட்டு வா. இங்க வந்து உக்காரு."

கடைசி வார்த்தைகளை இன்றைக்குத்தான் கேட்டேன்.

"அணைச்சாச்சுங்க" என்றேன். துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.