காட்டான் கும்பிட்ட நாள்

அன்பு மகனுக்கும் மருமகளுக்கும்,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். நீ போனை எடுக்காததால்தான் எழுதுகிறேன். கோபம் இருந்தால் இருக்கட்டும், கடிதத்தை மட்டும் பாதியில் மடித்து வைத்துவிடாதே.

முதலில் மருமகளுக்கு. கால் வீக்கம் வற்றியதா? படுக்கும்போது காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக்கொள். குனிந்து எடுக்கிற வேலையையெல்லாம் இவனிடம் தள்ளிவிடு. துணி காயப்போடுவதை மட்டும் இவனிடம் விடாதே. ஒரு பக்கம் காயும், ஒரு பக்கம் நாறும். பெற்றவள் சொல்கிறேன்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். நம் ஊர்க் கிளப் அணிக்குக் காட்டான் என்ற பெயர் வேண்டாம் என்று மைதானத்து வாசலில் பலகை பிடித்து நின்ற மலைக்காரர்களைப் பார்த்து, ஆட்டத்தன்று கூட்டத்தைக் குஷிப்படுத்தப் போடும் காட்டான் வேஷத்தில் உன் அப்பா இடுப்பை வளைத்துக் கும்பிடுகிறாரே, அந்தப் படம். ‘போராட்டக்காரர்களைக் கிண்டலடித்த காட்டான்’ என்று பத்திரிகையில் போட்டார்கள். சுற்றி நின்ற கூட்டம் விசிலடித்துச் சிரித்ததாம். நீயும் அதையே நம்பிவிட்டாய். பெண் கொடுத்தவரை ஊர் முன்னால் கேலி செய்கிற ஆளா உன் அப்பா?

நடந்தது இதுதான். அந்த வேஷத்தின் பெரிய தலையை மாட்டினால் அதன் வாய்க்குள் இருக்கும் வலை வழியாகத்தான் பார்க்க வேண்டும். கிட்டே போகும்வரை எதிரே நிற்பது யார் என்று தெரியாது. வரிசையில் முதல் ஆளாக நின்றது நம் சம்பந்தி. முகத்தைக் கண்டதும் அப்பாவுக்குக் கை தானாகக் கூப்பிக்கொண்டது. சம்பந்தியைப் பார்த்தால் கும்பிடாமல் அவர் என்றைக்கு நகர்ந்திருக்கிறார்? மேலே என்ன மாட்டியிருக்கிறோம் என்பதே மனிதருக்கு மறந்துபோய்விட்டது. வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. வேஷத்தில் இருப்பவர் பேசக் கூடாது, ஆட்கள் முன்னால் தலையைக் கழற்றக் கூடாது என்பது கிளப்பின் கட்டளை. அதை அவர் வேதவாக்காக வைத்திருந்தார்.

இதை உன்னிடம் சொல்லுங்கள் என்று எத்தனையோ முறை கெஞ்சினேன். “எப்படிடி சொல்றது? அந்தப் படத்தைப் பாத்தா நானே என்னை நம்ப மாட்டேன்” என்கிறார். பஸ் பணிமனையில் நட்டு முறுக்கிவிட்டு வருகிற மனிதர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவர். அந்தத் தலைக்குள் போனால் மட்டும் ஆட்டம் போடுவார், ஊரே கைதட்டும். அந்தக் கைதட்டல்தான் கண்ணை மறைத்துவிட்டது.

அவர் பக்கம் மட்டும் பேசுகிறேன் என்று நினைக்காதே. அந்தத் தலைக்குச் சப்பை மூக்கு, தொங்கும் உதடு, மூக்கில் ஓர் எலும்பு. மலைக்காரர்களைப் பழிப்பதற்காகவே எவனோ செய்த மூஞ்சி அது. நம் அணிக்கும் அதே பெயர். மருமகள் வந்த புதிதில் ஒரு நாள் அந்த வேஷத்துணியைத் தொட்டியில் ஊறவைத்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஸ்கூல்ல என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை அத்தை. காட்டான் பொண்ணு, காட்டான் பொண்ணுன்னுதான் கூப்பிடுவாங்க” என்றாள். சொல்லிவிட்டு மறுமுனையைப் பிடித்து என்னோடு சேர்ந்து பிழிந்தாள். அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன். “விளையாட்டுக்கு வெச்ச பேருதானே” என்று எழுந்து போய்விட்டார்.

இப்போது பெயரை எடுத்துவிட்டார்கள். இனிமேல் மீன்கொத்தி அணியாம். பனியன், கொடி எல்லாம் நீலமாகிவிட்டது. மீன்கொத்தி வேஷத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டு, அப்பாவைப் போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி என்னோடு பேசுவதில்லை. பெயர் போனதற்கு உங்கள் சம்பந்தி வீட்டார்தானே காரணம் என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்கவும் எனக்கு முகமில்லை. அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார், சுவரைப் பார்த்துப் படுப்பார். டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இன்னொரு குரல் கேட்டு எவ்வளவு நாளாயிற்று தெரியுமா? தனிமை தாங்கவில்லையடா.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன வாரம் துணிந்து சம்பந்தி வீட்டுக்குப் போனேன். வாங்க என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும், “தெரியும் சம்பந்தியம்மா. கல்யாணத்துல என்னை எப்படிக் கும்பிட்டாரோ அப்படியேதான் அன்னிக்கும் கும்பிட்டார். அந்தக் குனியிறதைப் பாத்ததுமே ஆள் யாருன்னு புரிஞ்சுபோச்சு” என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அதற்குள் அவரே, “ஆனா அந்தத் தலையைக் கழட்டியிருந்தா நானும் பதிலுக்குக் கும்பிட்டிருப்பேன். அந்த மூஞ்சியைப் பாத்து நான் எப்படிம்மா கும்பிடுறது?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். மறுநாள் அப்பா முகம் மழித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார். “தெருமுனை வரைக்கும் போயிட்டேன். வெறும் மூஞ்சியோட அவர் முன்னாடி போய் நிக்க முடியல” என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். உன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

நீ வா, கண்ணு. நான் கூட்டிக்கொண்டு போனால் பெண்டாட்டி இழுத்து வந்தாள் என்றாகிவிடும். அவரை மன்னித்துவிடு என்று கேட்கவில்லை, மன்னிக்க வேண்டியது நீயும் இல்லை. அந்தத் தெருமுனையிலிருந்து வாசல்வரை அவரோடு கூட நடந்து வா, அது போதும். மருமகளிடம் கேட்டுவிட்டு வா. அவளுக்கு மனமில்லை என்றால் வற்புறுத்தாதே, எனக்கு வருத்தமில்லை. பொய் சொல்வானேன், வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் வற்புறுத்தாதே.

மருமகளே, உனக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். பிள்ளை ஆணானாலும் பெண்ணானாலும், மூக்கும் உதடும் அச்சு அசலாக உன்னைக் கொண்டே பிறக்கட்டும்.

உங்கள் வரவை நோக்கி,
அம்மா