மாட்டுக்கொட்டகையில் ஒரு சாரை

பிப்ரவரி 6

வைக்கோல் எடுக்கப் போனபோது மறுபடியும் அது. வால் மட்டும் கண்ணில் பட்டது, பழுப்பு நிறம். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: சாரைதான், எலி தின்ன வருகிறது, உனக்குத்தான் நல்லது. உண்மைதான். இந்த மாதம் தவிட்டு மூட்டையில் ஓட்டையே இல்லை. பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

பிப்ரவரி 11

பழகிவிட்டேன் போலிருக்கிறது. விடியுமுன் வெறுங்காலோடு போய்க் கறந்துவிட்டு வந்தேன். "கொஞ்சம் நகரு சாமி" என்றுகூட அதனிடம் சொன்னேன்.

மகளிடம் போனில் சொன்னதும் கத்தினாள். அந்தக் காட்டை விட்டு எங்களோடு வந்து இரு என்று பழைய பாட்டு. இரண்டு மாட்டை யார் தலையில் கட்டிவிட்டுப் போக?

பிப்ரவரி 15

அவர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். போன மாதமே வாங்கினாராம். சேறாம். மழையைக் கண்ணால் பார்த்தே எவ்வளவு நாளாகிறது! புது மாப்பிள்ளை மாதிரி நடந்தார். சிரிப்பு வந்தது.

பிப்ரவரி 18

படம் எடுத்தது.

வைக்கோலை இழுத்தேன். கைக்கெட்டும் தூரத்தில் எழுந்து நின்று சீறியது. சாரைக்கு ஏது படம்? அது திரும்பியபோது கழுத்தின் பின்னால் மூக்குக்கண்ணாடி போல அந்தக் குறி. நல்ல பாம்பு. நான் அசையவில்லை. அதுவாகத் தணிந்து சுவரோரமாகப் போனது.

அந்த பூட்ஸ் — இப்போதுதான் மண்டையில் ஏறுகிறது. தெரிந்துதான் வாங்கியிருக்கிறார். ஒரே ஜோடி. அவர் அளவு.

பிப்ரவரி 19

கேட்டேன். மழுப்பினார். விடவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சொன்னா நீ பொண்ணு வீட்டுக்குக் கிளம்பிடுவ. மாட்டை யாரு கறக்கறது?"

இத்தனை வருஷக் குடும்பத்தில் நான் யார்? கறக்கிற ஆள். என்னைக் கொத்தியிருந்தாக்கூட, பால் கொட்டிடுச்சான்னுதான் கேட்டிருப்பாரு மனுஷன். 

பிப்ரவரி 20

பாம்பு பிடிக்கிறவரை நானே கூப்பிட்டேன். பாம்பு சுவர்ப் பொந்துக்குள் போய்விட்டது, சுவரை இடித்தால்தான் பிடிக்கலாம் என்றார். பிடித்தாலும் எலி இருக்கிறவரை இன்னொன்று வருமாம். சாரைக்குக் கழுத்து ஒடுங்கித் தலை தனியாகத் தெரியும், கண் பெரிது, ஆளைக் கண்டால் ஒரே ஓட்டமாம். இதற்குத் தலையும் கழுத்தும் ஒரே பருமன், நிதானமாகப் போகுமாம். இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் வாலை மட்டும் பார்த்து ஏமாந்திருக்க மாட்டேன்.

தவிட்டை டிரம்மில் மூடினேன். வைக்கோலைப் பரண்மேல் ஏற்றினேன். மாடுகளை வெளியே மரத்தடியில் கட்டினேன். டார்ச்சும் எனக்கொரு பூட்ஸும் வாங்கினேன். மகளிடம் வாய் திறக்கவில்லை. தெரிந்தால் இன்றே வந்து இழுத்துக்கொண்டு போவாள்.

இனி நீங்களே கறங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 23

மாடு அவரை உதைத்தது. நானாயிருந்தாலும் உதைத்திருப்பேன்.

பிப்ரவரி 25

இடுப்பு வலியாம், ஒரு வாரம் ஓய்வாம். மகள் வீட்டுக்குப் போய்விட்டார். என்னையும் கூப்பிட்டார், பையை மாட்டிக்கொண்டு, வாசற்படி இறங்கிய பிறகு.

மார்ச் 2

பாம்பு வெயில் காய வந்தது. நான் இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம். வழிவிட்டேன், போய்விட்டது.

பிறகு மகள் போன் செய்தாள், சிரித்துக்கொண்டே. "ஒரு சாரைக்குப் போயி அப்பாகிட்ட இவ்வளவு சண்டையாம்மா? எல்லாம் சொன்னாரு."

அங்கேயும் சாரைதான். பெண்டாட்டியை நல்ல பாம்போடு விட்டுவிட்டு வந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வார்?

"நல்ல பாம்புடி. உங்கப்பாவுக்கு அப்பவே தெரியும்."

 அங்கே டிவியை அணைக்கச் சொன்னாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப உன்னை ஏம்மா தனியா விட்டுட்டு வந்தாரு?"

"பக்கத்துலதானே இருக்காரு. அவரையே கேளு."

போனை வைத்துவிட்டுக் கறக்கப் போனேன்.