சாய்ந்த முளைப்பாரி

பங்குனி 24, செவ்வாய்

காலையில் மூடுபனி. பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். விதை போட்டாயிற்று.

இந்த வருஷம் முளைப்பாரி வளர்க்கும் பாரி வீடு எங்கள் வீடு. ஏலத்தோட்டத்து லயத்தில் பதினாலு வீடு, பதினாலு சட்டி, எல்லாம் என் பின்னறையில். கரிசல் மண்ணும் வைக்கோலும் கம்பத்திலிருந்து, ஆட்கள் வரும் ஜீப்பில் வந்தது. ஆட்டுப்புழுக்கை நம் வீட்டுது. தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை, சோளம் நேற்றே ஊறியது. சோளத்தில் கொஞ்சம் வண்டு. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இப்போதே ஆரம்பித்துவிடுவார்கள்.

பூசாரி இடது கையில் மஞ்சள் காப்புக் கட்டினார். மறு புதன் பாரி எடுத்து அம்மன் முன்னால் இறக்கும்வரை ஒரு வேளைச் சோறு, கவிச்சி கிடையாது, தனிப் பாய், எல்லை தாண்டக் கூடாது. எல்லை என்றால் செக்போஸ்ட். இங்கிட்டுக் கேரளா, அங்கிட்டுத் தமிழ்நாடு.

பின்னறையில் ஒரே ஜன்னல், கம்பம் பள்ளத்தைப் பார்த்தது. இரட்டைச் சாக்கு வைத்து ஆணி அடித்தார் என் வீட்டுக்காரர். இருட்டில்தான் பாரி மஞ்சளாக, நெடுநெடுவென்று வரும். வெளிச்சம் பட்டால் பச்சையாகிக் குட்டையாக நின்றுவிடும்.

ஒரு கஷ்டம். இந்த வீட்டில் போன் எடுப்பதும் அந்த ஜன்னலில் மட்டும்தான், கம்பத்து டவர். இனி பேச வேண்டுமென்றால் கோவில் படி ஏற வேண்டும். மருமகள் செல்விக்கு எட்டாம் மாசம், ஏற முடியாது. பிள்ளைத்தாச்சி பாரி அறைக்குள் போவதும் எங்கள் வழக்கத்தில் இல்லை. பாண்டி மூணாறு ரிசார்ட்டில் சமையல்கட்டில் இருக்கிறான், விஷுக் கூட்டம், லீவு இல்லையாம். நானே படியேறி மகனிடம் பேசிவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். சரி அத்தை என்றாள். அவள் எதற்கும் சரி அத்தைதான்.

பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போனாள். மூன்று வருஷத்துக்கு முன் அவள் வீட்டில் வைத்த பாரி அழுகியது. அந்த ஆடியில் மேல்காட்டில் மண் சரிந்தது. அதிலிருந்து அவளை யாரும் சட்டி தொட விடுவதில்லை.

பங்குனி 26, வியாழன்

சாயங்காலம் இடி, கல்மழை. அதற்கப்புறம் நடுக்கும் குளிர்.

முளை இல்லை. பாசிப்பயறு மட்டும் அங்கங்கே வெடித்திருக்கிறது. சோளம் அசையவே இல்லை. வண்டுச் சோளம். நான்தான் வேறு வாங்கியிருக்க வேண்டும்.

அறைக்குள் வெந்நீர்ப் பானை வைத்தேன், சூட்டுக்கு. சாம்பிராணியும் போட்டேன். வீட்டுக்காரர் சிரிக்கிறார். “ஏலக்கா காய வைக்கிற ஸ்டோர்ல கொண்டுபோயி வையி, ஒரே நாள்ல வறுத்துக் குடுத்துருவாக” என்கிறார். இந்த மனுஷனுக்குக் கேலி பண்ண நேரம் காலம் கிடையாது.

செய்ய வேண்டியது: மஞ்சள்தூள். திரிநூல். பூசாரியிடம் கொட்டுக்காரர்களைப் பற்றிக் கேட்க. செல்விக்கு இரும்பு மாத்திரை தீர்ந்ததா என்று பார்க்க.

பாரி நன்றாக வந்தால் மழை, விளைச்சல், பிள்ளைகுட்டி எல்லாம் நன்றாக இருக்கும் என்பார்கள். நன்றாக வராவிட்டால் என்ன என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். பேச்சியக்காவைப் பார்த்தாலே தெரியும்.

பங்குனி 27, வெள்ளி

வந்துவிட்டது. எல்லாச் சட்டியிலும். சோளம்கூட, வண்டு தின்றது போக. தாயே.

சாயங்காலம் பெண்கள் எல்லோரும் வந்து முற்றத்தில் கும்மி. செல்வி கதவோரம் உட்கார்ந்து கேட்டாள். முகம் சோர்ந்திருந்தது. இட்லி இரண்டில் ஒன்றை அப்படியே வைத்துவிட்டாள். கேட்டேன், புளிச்ச ஏப்பம் என்றாள். சுக்கு தட்டிப் போட்டுக் கொடுத்தேன்.

பங்குனி 28, சனி

வெயில். காற்று.

விடியக்காலை தண்ணீர் தெளிக்கப் போனேன். விளக்கைத் தூக்கிப் பிடித்தேன். பாரி நேராக நிற்கவில்லை. பதினாலு சட்டியும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது, ஜன்னல் பக்கம். முன்வரிசைச் சட்டியில் நுனி லேசாகப் பச்சை.

சாக்கைத் தடவிப் பார்த்தேன். நன்றாகத்தான் மூடியிருக்கிறது.

அம்மன் எதையாவது காட்டுகிறாளா? காப்புக் கட்டியபின் நான் என்ன தப்புப் பண்ணினேன்? வண்டுச் சோளம். புதன்கிழமை கருவாட்டு வாசனை வந்த வீட்டு வழியாகப் போனேன், அதுவா? யோசித்து யோசித்துத் தலைவலி. வேலைக்காட்டில் ஏலச் செடிக்கு ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டபோது ஒரே செடியில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். கங்காணி சத்தம் போட்டார்.

யாரிடமும் சொல்லவில்லை. பேச்சியக்காவுக்கு வைத்தது மாதிரி எனக்கும் பேர் வைத்துவிடுவார்கள்.

பங்குனி 29, ஞாயிறு

எல்லாச் சட்டியையும் பின்பக்கமாகத் திருப்பி வைத்தேன், இப்போது சுவரைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பத் திரும்ப நடுவில் நிமிர்ந்துவிடும் என்று கணக்கு. அம்மனை ஏமாற்றுகிற மாதிரிதான் இருக்கிறது. வேறு வழி?

சாயங்காலம் பார்த்தால் நிமிர்ந்ததோடு நிற்காமல் மறுபடியும் ஜன்னல் பக்கமே வளைய ஆரம்பித்திருக்கிறது. இருட்டு அறையில் எதைப் பார்த்து வளைகிறது? அப்புறம்தான் உறைத்தது. யாரோ ஜன்னலைத் திறக்கிறார்கள். சாக்கின் கீழ் ஆணி இரண்டு கையாலேயே கழன்று வந்தது.

பீடிக்குத்தான் என்று வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். காப்புக் கட்டின வீட்டில் இப்படிப் பண்ணலாமா என்று நன்றாகக் கொடுத்தேன். அவர் குலதெய்வத்து மேல் சத்தியம் பண்ணினார். “ஒனக்குத்தான் கழுத்து சாஞ்சிருக்கு, போயி ஒறங்கு” என்றார். செல்வி குனிந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பங்குனி 30, திங்கள்

கம்பம், ஆஸ்பத்திரி பெஞ்சு. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் இருக்க முடியாது.

மத்தியானம் கங்காணியிடம் சொல்லிவிட்டுச் சீக்கிரம் வந்தேன், கையும் களவுமாகப் பிடிக்க. பாரி அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே வெளிச்சம். சாக்கு ஒரு பக்கம் தொங்குகிறது. செல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனில். பதினாலு சட்டியும் அவள் பக்கம் தலையைச் சாய்த்து நிற்கிறது.

பிள்ளைத்தாச்சி உள்ளே நிற்கிறாள் என்று வாய் வரைக்கும் வசவு வந்தது. அதற்குள் அவள் பேசியது காதில் விழுந்தது. “ரெண்டு மூணு நாளா சரியா அசையலம்மா. இன்னைக்கு வெள்ளனேயிருந்து ஒண்ணுமே தெரியல.”

அவள் அம்மாவிடம். கம்பத்தில் இருக்கும் சம்பந்தியம்மாவிடம். வெள்ளிக்கிழமையிலிருந்து தினமும் மத்தியானம் இதே ஜன்னலில்தானாம்.

எங்கிட்ட ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கத்தித்தான் கேட்டிருப்பேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “சொன்னா நீங்க பாரியத்தான அத்த பாப்பீக. பாரி வாடுனா என் வயித்தச் சொல்வீக. வயித்துல ஒண்ணுன்னா பாரியச் சொல்வீக. பேச்சி அத்தைய இன்னும் சொல்லிட்டுத்தான இருக்கீக.”

அவள் ஆஸ்பத்திரிப் பையை எடுத்துத் தோளில் போட்டேன்.

அவள் சீட்டு, ஸ்கேன் எல்லாம் கம்பத்து ஆஸ்பத்திரியில். வீட்டுக்காரர் மேல்காட்டில் பம்ப் ஷெட்டில், கூப்பிட்டு வர நேரமில்லை. வாசலில் ஜீப்பு கிடைத்துவிட்டது. ஏறப் போகும்போதுதான் கையில் காப்பைப் பார்த்தேன். எல்லை தாண்டக் கூடாது. பாரியை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கக் கூடாது. ஒரு நிமிஷம் நின்றேன். நின்றேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

பேச்சியக்கா வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள் போல, சுவர்தானே நடுவில். “நீ போ மகா. தண்ணி தெளிக்கிறதுதான, நான் பாத்துக்கிறேன். கெட்டுப்போனாலும் பழி எனக்குப் புதுசா?”

சாவியை அவள் கையில் கொடுத்தேன்.

செக்போஸ்ட்டில் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன், யாரோ பார்த்துவிடுவார்கள் என்பது மாதிரி. ஒன்றும் நடக்கவில்லை. வண்டி பாட்டுக்கு இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் அசையுதா என்று கேட்டேன். தெரியல அத்தை, தெரியல அத்தை. பாதி வழியில் வாந்தி. என் மடியில்தான்.

உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். சம்பந்தியம்மா எதிர் பெஞ்சில், கண்ணை மூடி, உதடு மட்டும் அசைகிறது. என்னைத் திட்டினால் தேவலை.

சித்திரை 1, செவ்வாய்

வருஷப் பிறப்பு. ஆஸ்பத்திரி ஜன்னலில் வேப்ப மரம் பூத்துக் கிடக்கிறது. பச்சடி இல்லை.

துடிப்பு இருக்கிறது. நேற்றே கேட்க வைத்தார்கள், ஸ்டோரில் காய் சலிக்கும் மெஷின் மாதிரி தடதடவென்று. சுவரில் சாய்ந்து அழுதுவிட்டேன். ஆனால் உள்ளே தண்ணீர் குறைவாம். குளுக்கோஸ் ஏற்றி, நாளை மறுபடி பார்த்துவிட்டுத்தான் சொல்வார்களாம். குறைந்துகொண்டே போனால் ஆபரேஷன். எட்டாம் மாசத்துப் பிள்ளை. கேட்கக் கூடாததை எல்லாம் டாக்டரம்மாவிடம் கேட்டேன். நல்லபடியாக இருக்கும் என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றார்.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். சாப்பிட்டபின் அசைவை எண்ணி எழுத வேண்டும். எழுதுவது என் வேலை என்று சொல்லிவிட்டேன்.

பாண்டி வண்டி ஏறிவிட்டானாம். வீட்டுக்காரர் போன் பண்ணி, பூசாரிக்குக் கோபம் என்றார். “அவரு பேரனா, நம்ம பேரனா? விடு” என்று அவரே சொன்னார். பிறகு குரல் மாறி, பிள்ளை எப்படி இருக்கு என்று மறுபடி கேட்டார்.

மத்தியானம் இரண்டு அசைவு. சாயங்காலம் நீண்ட நேரம் ஒன்றுமில்லை. செல்வி தூங்கவில்லை, தூங்குவதுபோல் படுத்திருக்கிறாள். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாய் வரவில்லை. கொண்டையை அவிழ்த்துச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டேன். தலையைக் காட்டினாள்.

வாங்க வேண்டியது: பிளாஸ்க். சோப்பு. சீப்பு (கடன் வாங்கியது, திருப்பித் தர).

சித்திரை 2, புதன்

விடியக்காலை மழை வாசனை, மழை இல்லை.

பக்கத்துக் கட்டிலில் மேலே கேரளத்திலிருந்து வந்த பெண். அவர்களுக்கு இன்றுதான் விஷு. ஒரு வெள்ளரிப்பழம், கண்ணாடி, ஒற்றை நாணயம், கொன்றைப்பூ இரண்டு கொத்து மேசையில் வைத்துக் கும்பிட்டாள். செல்வியையும் கண்ணை மூடச் சொல்லி, திரும்பிப் பார்க்க வைத்தாள். நானும் பார்த்துக்கொண்டேன். நமக்கு நேற்றே ஆகிவிட்டது என்று சொல்லவில்லை. இன்னொரு தடவை ஆனால் என்ன.

காலை ஸ்கேன். தண்ணீர் குறையவில்லை. கூடவும் இல்லை. இன்னும் இரண்டு நாள் இருக்கச் சொன்னார்கள். அவசர ஆபரேஷன் இன்றைக்கு இல்லை. இன்றைக்கு என்று அழுத்திச் சொன்னார்.

பாண்டி வந்துவிட்டான். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறான்.

மூன்று மணிக்குப் பேச்சியக்கா போன். அந்த ஜன்னலில் நின்றுதான் பேசுகிறாள், பின்னால் கொட்டுச் சத்தம். எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்களாம். பூசாரி அவளையே முதல் சட்டி தூக்கச் சொன்னாராம், நான் வந்தபின் அவளைத் தவிர வேறு யாரும் அறைக்குள் போகவில்லை என்பதால். நீ போன் பண்ணுவேன்னு சாக்க எடுத்தே வச்சிருந்தேன் என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“எல்லாம் கம்பத்தப் பாத்தே சாஞ்சு நிக்கு மகா. திருப்பி வச்சுத் தூக்கவா, அப்படியே தூக்கவா?”

“அப்படியே தூக்குங்கக்கா.”

குலவைச் சத்தம் கேட்டது. செல்விக்கும் கேட்கட்டும் என்று போனை அவள் பக்கம் பிடித்தேன். பெண்கள் நகர நகரக் கொட்டு தூரமாகப் போனது. ஜன்னலை மூடாமல்தான் போயிருப்பாள்.

செல்வி என் இடது கையை இழுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். காப்பு இன்னும் அவிழ்க்கவில்லை, எங்கே போய் அவிழ்ப்பது என்றும் தெரியவில்லை. வலது கையால் இதை எழுதுகிறேன். சாப்பிட்டு அரைமணி ஆகிறது. இன்னும் இல்லை. இன்னும் இல்லை.

இந்தா, ஒன்று.