பெயரில்லாத ஒன்பது மாதம்

ஜூன் 3, திங்கள்

ஸ்மாரோ அக்காவின் பையனுக்கு ஒன்பது மாதம். இன்னும் 'குட்டி'தான். வருகிற ஞாயிறு, அப்போஸ்தலர் பவுல் வந்துபோன பிலிப்பி ஆற்றங்கரையில் ஞானஸ்நானம், அன்றைக்குத்தான் பெயர். அவள் மாமனார் ப்ரோத்ரோமோஸ் தன் பெயர் என்கிறார், தலைப்பேரனுக்கு அதுதான் வழக்கமாம். எங்கள் அப்பா ஸ்டெர்யோஸ், பிள்ளை வளர்வது தன் வீட்டில், ஆகவே தன் பெயர் என்கிறார். அத்தான் நழுவிவிட்டார்: "ஞானத்தகப்பன் நீதானப்பா? சாமியார் கேக்கும்போது நீ சொல்றதுதான் பேரு."

நான் பம்ப் இன்ஜினியர். ஒன்பது மாதம் இவர்கள் இழுத்ததை ஆறு நாளில் நான் முடிக்க வேண்டும்.

அக்காவிடம் கேட்டேன்: ஸ்டெர்யோஸா, ப்ரோத்ரோமோஸா? "உன் இஷ்டம்டா" என்று பால் புட்டி கழுவப் போய்விட்டாள்.

ஜூன் 5

ப்ரோத்ரோமோஸ் பம்ப் ஹவுசுக்கே பலகார டப்பாவோடு வந்தார். தின்றேன். வாக்குக் கொடுக்கவில்லை. மாலையில் அப்பா: "அந்தாளு பலகாரத்தைத் தின்னியாமே?"

ஜூன் 8, சனி

நாளை யார் எங்கே நிற்பது என்று சாமியார் காட்டினார். ஐந்து நிமிட வேலை. வந்ததுதான் வந்தோம், பக்கத்தில் இடிந்து கிடக்கும் பழைய நகரத்தையும் பார்ப்போம் என்று யார் சொன்னதோ. முப்பத்தாறு டிகிரி வெயில்.

பாழான கோயிலின் தரையில் ஒரு பழைய ஆயர் தன் பெயரைக் கல்லில் பதித்து வைத்திருக்கிறார்.

"பாத்தியா தம்பி, பேருன்னா நிலைக்கணும்" என்றார் ப்ரோத்ரோமோஸ்.

"உம்ம பேரைக் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள புள்ளை பள்ளிக்கூடம் போயிடும்யா" — அப்பா.

"இன்னொரு வார்த்தை பேசினா, பம்ப் நம்பரைத்தான் பேரா வைப்பேன்" என்றேன்.

இந்தக் கூத்தில் குழந்தையை யாரும் கவனிக்கவில்லை. தவழ்ந்து தவழ்ந்து, உடைந்த கல்படிகளின் விளிம்புக்கே போய்விட்டான். கீழே ஒன்றரை மீட்டர். அக்கா கத்தினாள். 'குட்டி' என்று இல்லை.

"சிலாஸ்!"

நின்றான். திரும்பிப் பார்த்தான். தன் பெயர் தெரிந்தவன் திரும்புகிற மாதிரி.

அது யார் பெயர் என்று காரில் அக்காவிடம் கேட்டேன். "இந்த ஊர் ஜெயில்ல பவுலோட விலங்கு மாட்டிக் கெடந்தவர்டா. பவுலைத்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. பால் குடுக்கும்போது மட்டும் அப்படிக் கூப்பிடுவேன்."

"திங்கக்கிழமையே கேட்டேனே?"

"எந்தத் தாத்தான்னுதானே கேட்டே?"

நான் கேட்ட கேள்வியே தப்பு.

ஜூன் 9, ஞாயிறு

சொன்னேன். ஒரே தடவை, சத்தமாக. அக்கா அழுதாள். இரண்டு கிழவர்களும் என்னோடு பேசவில்லை. அப்பா ப்ரோத்ரோமோஸின் காரில் ஏறிப் போனார். ஜன்னல் வழியாகக் கேட்டது:

"உம்ம பையன் படிச்ச மடையன்யா."

"நான் எப்பவோ சொன்னேனே."

ஜூன் 13

அப்பா வீடு. கூடத்தின் இரண்டு மூலையிலும் இரண்டு கிழவர்கள், தரையில் மண்டிபோட்டு. நடுவில் பையன். "சிலாஸ், இங்க வா." "டேய் சிலாஸ், தாத்தாகிட்ட வாடா." யார் கூப்பிட்டு வந்தான் என்று புதுச் சண்டை. என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள்.

பம்ப் ஹவுசில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன்.