கையை வீசாமல் நடக்கிறவர்

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் நலம். உன் அம்மாவின் முழங்காலைக் கேட்டால் அது வேறு மாதிரி சொல்லும். நீ வேளைக்குச் சாப்பிட்டு, கொசுவலையை நாலு பக்கமும் செருகிவிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பித் தொடங்குகிறேன். போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பாய், போனில் நான் பேசினால் என்ன ஆகும் என்பதைத்தான் போன வாரம் பார்த்தோமே, அதனால் பேனா. கல்லூரியில் புதுத் துறைத் தலைவர் வந்தாயிற்று, என்னிடம் வேதியியல் படித்த பையன்தான், ஆய்வுக்கூடத்துக்கே வந்து 'எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்' என்றான், நானும் ஆசீர்வதித்தேன், வேறு வழி? உன் அம்மா இந்தக் கதையைப் பலமுறை கேட்டுவிட்டாள், நேற்று மறுபடி தொடங்கினேன், எழுந்துபோய் மிக்ஸியைப் போட்டுவிட்டாள்.

நீ போட்ட முதல் தையலைப் பற்றி அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். புருவம் கிழிந்து வந்த லாரி டிரைவர், 'டாக்டரம்மா, அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம், போட்டோவுல தெரியாம தைங்க' என்றானாமே. தலைவலி என்று தினமும் வந்து, மின்விசிறிக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு மாத்திரை வாங்காமல் போகிற அந்த அம்மாளைப் பற்றி எழுதியிருந்தாய், அதையும் ரசித்தேன். உன் பெரியப்பாவின் கிராமத்து மருத்துவமனையில் ஒரு கோடை விடுமுறைப் பயிற்சி உனக்கு இவ்வளவு கற்றுத்தரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஊசி, தையல், கட்டு எல்லாவற்றையும் பெரியப்பா என்னையே செய்யச் சொல்கிறார், அவ்வளவு நம்பிக்கை என்று நீ பூரித்தபோது, தன் வேலையை உன் தலையில் கட்டுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. 'முன்னெல்லாம் டாக்டர் ஒரு சத்தம் போட்டா வாசல்ல நிக்கிற ஆடு ஓடும், இப்ப வாய்கிட்ட காதைக் கொண்டுபோனாத்தான் கேக்குது, வயசு மனுஷனைப் பதமாக்கிடுச்சு' என்று அங்கே நர்சம்மா சொன்னதையும் எழுதியிருந்தாய். பதமாவது ஒன்றாவது என்று நினைத்துக்கொண்டேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் சொல்வேன். என் அண்ணனும் உன்னைப் போல ஒரு கோடை விடுமுறையில்தான் அந்த ஊருக்குப் பயிற்சிக்குப் போனார். படிப்பு முடிந்ததும் அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டார். அந்த ஊருக்கு அவர் தெய்வம். இங்கே உன் தாத்தாவுக்கு நடுக்குவாதம் வந்தபோது ஊட்டிவிட்டது நான், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது நான், வெளியூரில் கிடைத்த ஆராய்ச்சிப் படிப்பை வேண்டாம் என்று எழுதிப் போட்டதும் நான். டாக்டர் பிள்ளை விருந்தாளி மாதிரி வருவார், நாடி பார்ப்பார், மாத்திரையை மாற்றி எழுதிவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் போய்விடுவார். பிள்ளை டாக்டராமே, பெரியவர் கொடுத்துவைத்தவர் என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்கள், நான் பக்கத்திலேயே படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருப்பேன். இருந்தும் நீ புறப்பட்ட அன்று தாத்தாவின் கைக்கடிகாரத்தை அவருக்குக் கொடுத்தனுப்பினேன். சமாதானமாகப் போவோம் என்று வாயால் சொல்ல எனக்கு வராது, என்னால் முடிந்தது அவ்வளவுதான். வாங்கினார், பார்த்தார், முகத்தில் ஓர் அசைவும் இல்லை, கையில் கட்டாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார் என்று எழுதினாய். அந்த எரிச்சல் அடங்குவதற்குள், பயிற்சி முடிந்தும் இங்கேயே கொஞ்ச காலம் இருக்கட்டுமா அப்பா என்று போனில் கேட்டாய். 'நம்ம வீட்ல ஒருத்தரை அந்த ஊரு முழுங்கினது போதும், கல்லுலகூட ஈரம் இருக்கும், அந்த மனுஷன்கிட்ட இல்ல, உடனே கிளம்பி வா' என்று கத்தினேன். யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டே பேசியதால் ஸ்பீக்கரில் வைத்திருந்தாய், அவர் எதிரே உட்கார்ந்திருந்தார், இதெல்லாம் எனக்குத் தெரியாது. 'பெரியப்பா எல்லாத்தையும் கேட்டாருப்பா, முகம் மாறவேயில்ல' என்று பிறகு அழுதாய். அப்போதும், 'கல்லு எப்படி மாறும்' என்றுதான் சொன்னேன்.

முந்தாநாள் நீ அனுப்பிய வீடியோவை அம்மாதான் முதலில் பார்த்தாள், அவர் வாய்க்கால் ஓரமாக மருத்துவமனைக்கு நடந்து வருகிறாரே, அது. பார்த்தவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, 'இது மாமா நடையில்ல?' என்று உன் தாத்தாவைச் சொல்லி, போனை என் முன்னால் நீட்டினாள். வலது கை வீசிக்கொண்டு வருகிறது, இடது கை வேறொருவர் சட்டையிலிருந்து தொங்குவது போல உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது. 'என்னைப் படம் எடுத்து எந்தப் பொண்ணு வீட்டுக்கு அனுப்பப்போற' என்று உன்னிடம் கேலி பேசுகிறார், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, வாய் கேலி பேசுகிறது, முகம் கூட வரவில்லை. தாத்தாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. நடுக்கம் வருவதற்கு வெகுநாள் முன்பே கை வீசுவது நின்றது, குரல் இறங்கியது, முகம் இறுகியது. இவருக்கு என்ன இவ்வளவு திமிர் என்று பக்கத்து வீட்டார் பேச்சையே நிறுத்தினார்கள். நான் டாக்டர் இல்லை, இது தவறாக இருந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நான்தான். ஆனால் அவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் ஊசியை உன் கையில் கொடுத்திருக்கிறார். கடிகார வாரை மாட்ட இரண்டு கையும் ஒத்துழைக்க வேண்டும், உன் முன்னால் திணற வேண்டாம் என்றுதான் பையில் போட்டிருப்பார். நான் கல் என்று திட்டியது ஒரு நோயை, மகளே. மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே, அந்தச் சாயங்கால பஸ் இன்னும் என் நெஞ்சில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அவர் காதில் விழுந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க நான் படித்த வேதியியலில் வழியில்லை. அவர் அதைக் கேட்டு வருந்தினாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூட உன்னால் முடியாதே, அதுதான் இரண்டு நாளாக என்னை அரிக்கிறது.

உடனே வா என்று சொன்னதை விட்டுவிடு. பயிற்சியை முழுசாக முடி, அதற்குப் பிறகு இருப்பதும் வருவதும் உன் இஷ்டம், நான் வாய் திறக்க மாட்டேன். பரீட்சைத் தாள் திருத்தி முடித்ததும் நான் வருகிறேன், நரம்பு டாக்டரிடம் அவரை நானே கூட்டிப்போகிறேன், வரமாட்டேன் என்பார், சண்டை போட எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுவரை அவரை நோயாளி மாதிரி உற்றுப் பார்க்காதே, எதையும் கேட்காதே. நீ நல்ல கைராசியோடும் உடல்நலத்தோடும் நெடுநாள் இருக்க வேண்டும், எனக்கு வாய்த்த நாக்கு உனக்கு வாய்க்க வேண்டாம். ஒன்றை மறக்காதே. அவரோடு நடக்கும்போது அவருக்கு இடது பக்கமாக நட. தாத்தா தடுமாறினால் அந்தப் பக்கம்தான் சாய்வார், சாயங்கால பஸ்ஸுக்கு அண்ணனை வழியனுப்ப அவர் வரும்போதெல்லாம் நான் அவருக்கு அந்தப் பக்கம்தான் நடந்து வருவேன். ஏன் இந்தப் பக்கம் வருகிறாய் என்று கேட்டால், அப்பா சொன்னார் என்று சொல். அவருக்குப் புரியும்.

நான் வந்து சேரும்வரை நீ அங்கே நட.

உன் அப்பா